ஒரு கிண்ணம் உப்பு நீங்கலாக

முப்பது வருடமாக, நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன் நான். பிறப்புச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பு, காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு என்று என் முத்திரை விழாத காகிதம் அந்தக் கோட்டுக் கட்டடங்களைச் சுற்றிக் குறைவு. மூன்று மொழியிலும் என்னிடம் வாலாட்டிய எந்தச் சொல்லையும் நான் சும்மா விட்டதில்லை. அப்படிப்பட்ட என்னை, போன வருடம், ஒரேயோர் ஆங்கிலச் சொல் நாலு மாடிப் படியில் ஏற்றி இறக்கி, கடைசியில் என் மனைவிக்கு முன்னால் ஓர் உப்புக் கிண்ணத்தோடு நிற்க வைத்தது. அந்தச் சொல் வேக்கன்ட்.

நாங்கள் இருந்த வெள்ளவத்தையில் அந்தச் சொல் தெரியாதவர் கிடையாது. ஒழுங்கைக்கு ஒழுங்கை கேற்றில் தொங்கும். ‘ரூம் வேக்கன்ட்’, ‘அனெக்ஸ் வேக்கன்ட், சைவக்காரர் மட்டும்’ என்று காட்போட் மட்டையில் எழுதி, மழைக்கு நனையாமல் பொலித்தீன் உறையும் போட்டிருப்பார்கள். காலி வீதியில் காலி வீடு என்ற பகிடியை எல்லோரும் ஒருதரமாவது விட்டிருக்கிறார்கள். நான் விடமாட்டேன். அந்தக் ‘காலி’ அரபியில் இருந்து வந்தது, இந்தக் ‘காலி’ ஊர்ப்பெயர் என்று ஆரம்பித்து, பகிடி விட்டவர் பஸ் பிடித்துப் போகும்வரை விளக்குவேன். இந்தக் குணத்தால் எனக்குச் சிநேகிதர் அதிகமில்லை.

எங்கள் பிளட் நாலாம் மாடியில். லிஃப்ட் இல்லை. முப்பத்தொரு வருடம் அதில் ஏறி இறங்கியதில் மனைவியின் இரண்டு முழங்காலும் போய்விட்டன. இன்னும் ஏறினால் சத்திரசிகிச்சைதான் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று மாதமாக அவள் கீழே இறங்கவில்லை. மரக்கறிக்காரருக்கு நாலாம் மாடி யன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறக்கிக்கொண்டு இருந்தாள். ஒரு நாள் பூச்சி விழுந்த கத்தரிக்காயைத் திருப்பிக் கூடைக்குள் வைத்து, அதோடு சேர்த்து அவரையும் திட்டி இறக்கியதாகக் கீழ்வீட்டுக்காரர் சொன்னார்.

கடவுளே என்று கொட்டாஞ்சேனையில், கோவிலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, நிலத்தோடு ஒரு சின்ன வீடு அகப்பட்டது. எங்கள் பிளட்டை வாங்கவும் ஒருவர் வந்தார். புறக்கோட்டைப் பக்கம் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற முஸ்லிம் முதலாளி. மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. அவர்கள் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், அதற்குத்தான் வாங்கினார். குறித்த புதன்கிழமை நாங்கள் பிளட்டை ஒப்படைத்தால்தான் கொட்டாஞ்சேனை வீட்டின் திறப்பு எங்கள் கைக்கு வரும். பிசகினால் அந்த வீட்டுக்கு வேறோர் ஆள் காத்துக்கொண்டு இருந்தார்.

உடன்படிக்கை ஆங்கிலத்தில். அதில்தான் வந்தது, ‘வேக்கன்ட் பொசெஷன்’. விற்கிறவர் வீட்டைக் காலி பண்ணி, வாங்குகிறவர் அப்படியே உள்ளே போகக்கூடிய மாதிரிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. முதலாளியின் மனைவிக்குத் தமிழ்தான் வாசிக்க வரும், வாசிக்காமல் சம்மதிக்க மாட்டார். அதனால் தமிழ்ப் பிரதி வேண்டும் என்றார்கள். விற்கிறவனே மொழிபெயர்ப்பது முறையா என்று எங்கள் லோயரைக் கேட்டேன்.

“வேற ஆரிட்டக் குடுத்தாலும் நீங்கள் பிழை பிடிச்சுக்கொண்டு வருவீங்கள். நீங்களே செய்யுங்கோ,” என்றார் அவர்.

எனக்குப் பெருமைதான். புதுக்கடையில் மற்றவர்கள் இந்தச் சொற்றொடருக்கு ‘வெற்று உடைமை’ என்று எழுதி முத்திரை குத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். சட்டை போடாத ஆளின் ஞாபகம்தான் அதில் வரும். நான் இரண்டு காலை நேரம் செலவழித்து அந்தச் சொல்லின் வேரைத் தோண்டினேன். இலத்தீனில் ‘வெறுமையாய் இரு, ஓய்ந்திரு’ என்று பொருள்பட்ட ஒரு வினை. பிரெஞ்சுக்காரர் வீட்டில் கொஞ்சக் காலம் தங்கி, ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. கூடப் பிறந்தவை ஏராளம். தரை கூட்டுகிற வெக்கியூம் இதே குடும்பம். கோட்டு மூடி எங்கள் மேசைகளில் வேலையில்லாமல் இலையான் கலைக்கிற காலத்துக்குப் பெயரான வெக்கேஷனும் இதே குடும்பம். ‘அவொயிட்’ என்ற சொல்லும் பழைய காலத்தில் உள்ளே இருப்பதை வெளியே கொட்டுவதையே குறித்திருக்கிறது. வீட்டை விட்டு ஓடச் சொல்லுகிற ‘இவாக்குவேட்’டும் உண்டு. அதற்கு எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அகராதி தேவையில்லை.

இவ்வளவையும் உள்ளே இறக்கி, கடைசியில் இப்படி எழுதினேன்: ‘ஆளோ அரவமோ, தட்டோ முட்டோ, துரும்போ தூசோ எதுவும் எஞ்சாமல், முற்றும் வெறுமையான நிலையில் வீட்டை ஒப்படைத்தல் வேண்டும்.’ எழுதி, கையொப்பம் வைத்து, முத்திரையும் குத்தினேன். வாசிக்க வாசிக்க எனக்கே என்னில் மரியாதை கூடியது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குசினி வாசலில் நின்று, தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவிக்கு வாசித்தும் காட்டினேன்.

துருவுபலகைச் சத்தம் நின்றது.

“ஆர் உந்தக் கோதாரியை எழுதினது?”

“நான்தான்.”

“வெறும் வீடு குடுக்கிறதோ? அதுவும் கலியாணப் பொம்பிளைக்கு? விசரே உங்களுக்கு?”

“அது சட்டமப்பா. இங்கிலீசில அப்பிடித்தான் கிடக்கு.”

“இங்கிலீசில தூசும் துரும்பும் கிடக்கோ?”

கிடக்கவில்லை. அதனால் நான் பேச்சை இலத்தீனுக்குத் திருப்பினேன். வெக்கேஷனும் வேக்கன்ட்டும் சகோதரங்கள் என்று சொன்னேன்.

“முப்பத்தொரு வருசமா ஒரு வெக்கேஷனுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை. அந்தச் சகோதரத்தை விட்டிட்டு இதைத் தேடிப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறார்,” என்று தேங்காய்க்குச் சொல்லிவிட்டு மறுபடி துருவத் தொடங்கினாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எதுவும் முடிந்ததில்லை. முடிகிறதுக்கு முதலே வாங்கிவிடுவாள். உப்புப் போத்தலின் அடி நான் கண்டதில்லை. ‘அரிசி இல்லை’ என்று அவள் வாயால் வந்ததில்லை, ‘அரிசி வாங்க வேணும்’ என்றுதான் வரும். அயலில் இருந்து ஒரு பாத்திரத்தில் ஏதாவது வந்தால் அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டாள், ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் போகும். கீழ்வீட்டுக்காரியும் அதே ரகம். ஒரு சில்வர் டப்பா பதினொரு வருடமாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆர் வீட்டு டப்பா என்று இருவருக்கும் மறந்துபோய்விட்டது. நிறுத்துவதற்குத் துணிவு இருவருக்கும் இல்லை.

‘இல்லை’ என்று சொல்லவேண்டிய இடங்களில் என்னைத்தான் முன்னால் தள்ளுவாள். சீட்டு விற்க வருபவர், நன்கொடைக்கு வருபவர், கல்யாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்து ‘எத்தினை பிள்ளையள்?’ என்று கேட்பவர் எல்லோருக்கும் நான்தான் ‘இல்லை’ சொல்வேன். சொன்ன கையோடு கதை முடிந்துவிடும்.

பெட்டி கட்டுகிற கிழமை தொடங்கியது. குசினியில், கதவு வைத்த சுவர்த்தட்டில் ஒரு கிண்ணம் உப்பு நின்றது. மறந்துவிட்டாள் என்று எடுத்துப் பெட்டியில் வைத்தேன். பின்னேரம் பார்த்தால் அதே தட்டில் அதே கிண்ணம். மறுபடி எடுத்தேன். அடுத்த நாள் உப்போடு, மூடி போட்ட ஒரு ரின்னில் ஒரு சுண்டு அரிசியும் சேர்ந்திருந்தது. அரிசியை எடுத்தேன். அதற்கு அடுத்த நாள் யன்னல் விளிம்பில் ஒரு நெருப்புப் பெட்டி, திறந்தால் உள்ளே மஞ்சள் துண்டு. என் வீட்டிலேயே நான் கஸ்டம்ஸ் உத்தியோகத்தர் மாதிரித் தட்டுத் தட்டாகத் தேடிக்கொண்டு திரிந்தேன். முழங்கால் ஏலாத மனுசி இவ்வளவு கெதியாக எப்படி ஒளித்துவைக்கிறாள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

“இஞ்சருமப்பா, துரும்பும் இருக்கக்கூடாது எண்டு நான் சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்கிறன். விளங்குதே?”

“நான் சத்தியம் பண்ணேல்லையே,” என்றாள்.

லோயரிடம் போனேன். பத்திரக் கட்டுகளுக்கு நடுவில் அவர் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கிண்ணம் உப்பு, ஒரு சுண்டு அரிசி, ஒரு மஞ்சள் துண்டு, இவை வீட்டில் கிடந்தால் வேக்கன்ட் பொசெஷனுக்குப் பங்கமா என்று கேட்டேன். அவர் விரலை நக்கிவிட்டு, மிகுந்த யோசனையோடு மேலே பார்த்தார்.

“ஆங்கிலத்தின்படி பங்கமில்லை. வாங்கினவர் வீட்டைப் பாவிக்க ஏலாத அளவுக்குச் சாமான் கிடந்தால்தான் பிரச்சினை. உப்புக் கிண்ணம் ஆரையும் மறிக்காது.”

“அப்ப சரி.”

“எங்க சரி? நீங்கள் தமிழில தூசு துரும்பு எண்டு எழுதி முத்திரை குத்தியிருக்கிறீங்கள். முதலாளியின்ர மனுசி அந்த வரியைப் பாடமாக்கி வைச்சிருக்கிறா. ‘எவ்வளவு வடிவா எழுதீக்கி’ எண்டு எனக்குப் போன் எடுத்துச் சொன்னவ. அண்டைக்கு ஒவ்வொரு தட்டையும் திறந்து பாப்பாவாம்.”

முப்பது வருடத்தில் என் மொழிபெயர்ப்பை ரசித்த ஒரே வாசகி அவர்தான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்த களஞ்சியத்துக்குக் கடைசி லொறிச் சாமானும் போய்விட்டது. கூடத்தின் நடுவில் கீழ்வீட்டுக்காரி தந்த ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதில் மனைவி. கடைசியாய் ஒருதரம் கூட்டுவோம் என்று நான் தும்புத்தடியோடு குசினிக்குள் போனேன். தட்டில் உப்புக் கிண்ணம். எனக்கு வந்ததே ஒரு கோபம்! நாலு தரம் படி ஏறி இறங்கின களைப்பு வேறு. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் நின்று கத்தினேன். நாளைக்கு அந்த மனுசி இதைக் கண்டு ஒப்படைப்பு நின்றால் கொட்டாஞ்சேனை வீடு போய்விடும், பிறகு இந்த முழங்காலோடு நாலாம் மாடியிலேயே கிடக்க வேண்டியதுதான், ஒரு கிண்ணம் உப்புக்கு இவ்வளவு பாடா என்று கேட்டேன்.

அவள் திருப்பிக் கத்தவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம்.

“நாங்கள் இஞ்ச வந்த நாள் ஞாபகமிருக்கே?” என்று கேட்டாள்.

இருந்தது. எங்களுக்கு விற்றவர் பல்ப்பையும் கழற்றிக்கொண்டு போனவர். சுவரில் ஆணிகூட விடவில்லை. நான் இந்தக் கூடத்தின் நடுவில் நின்று ‘ஓ’ என்று கத்தி, அது திரும்பிக் கேட்கச் சிரித்தேன். கல்யாணம் முடித்து நாலு மாதம்.

“உப்பும் கும்பமும் லொறியில வந்துகொண்டிருந்தது. நான் கீழ நிண்டு, அது வரட்டும், அதுகளோட ஏறுவம் எண்டு சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை. திறப்புக் கிடைச்ச சந்தோசப் புளுகத்தில, இப்ப என்ன, போய்ப் பாப்பம் வாரும் எண்டு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு ஏறினனீங்கள். வெறுங்கையோட வெறும் வீட்டுக்க வந்தனாங்கள்.”

கிண்ணம் இன்னும் என் கையில்தான் இருந்தது.

“பிறகு இந்த வீடு நிறையேல்லை,” என்றாள். “உங்களைக் குறை சொல்லேல்லையப்பா. எனக்கும் தெரியும், உப்பில ஒண்டும் இல்லை எண்டு. ஆனா அந்தப் பிள்ளை அப்பிடி வரக்கூடாது. நான் இருந்த வீடு. நான் விடமாட்டன்.”

பிள்ளைக்காக நாங்கள் போகாத டொக்டர் இல்லை. எல்லா ரிப்போர்ட்டையும் நான்தான் வாசித்தேன். ‘காரணம்’ என்ற இடத்தில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை, ஒருவர் கோடு இழுத்துவிட்டிருந்தார். எங்கள் தொழிலிலும் அதுதான் வழக்கம். பத்திரத்தில் எழுதாத இடம் கிடந்தால் பிறகு ஆரும் எதையும் எழுதிவிடாமல் கோடு இழுத்து மூடிவிட வேண்டும். நானும் அந்த விஷயத்தை அப்படி மூடிவிட்டு, மூடியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் முப்பத்தொரு வருடம் அந்தப் படியடியில் லொறியைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள், கையைப் பிடித்து இழுத்தவன் நான் என்று ஒருதரம்கூட வாய்விட்டுச் சொல்லாமல். கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுபோய்த் தட்டில் வைத்தேன். அரிசி ரின்னும் மஞ்சளும் எங்கே என்று கேட்டேன். அவள் மடியிலிருந்து எடுத்துத் தந்தாள்.

புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் புதுக்கடைக்குப் போய், கடை திறக்காத ஒழுங்கையில் என் மேசையைத் துடைத்து உட்கார்ந்து, என் வாழ்நாளில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தேன். ‘மேற்படி மொழிபெயர்ப்பில் என்னால் பிழை விடப்பட்டுள்ளது’ என்று எழுதினேன். ‘பிழை’ என்ற சொல் பேனாவிலிருந்து இறங்க மறுத்தது. ‘குறை’, ‘திருத்தம்’, ‘தெளிவுபடுத்தல்’ என்று எல்லாம் யோசித்தேன். கடைசியில் பிழை என்றே எழுதினேன். பக்கத்து மேசைக்காரர் வந்து எட்டிப் பார்த்து, “ஐயோ சேர், சுகமில்லையோ?” என்று கேட்டார். காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டு முத்திரை குத்தினேன்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். முதலாளி மூன்றாம் மாடியிலேயே மூச்சு வாங்க நின்றுவிட்டார். அவருடைய மனைவி கையில் என் தமிழ்ப் பிரதியோடு முதலில் ஏறி வந்தார். பின்னால் மகள், இருபத்திரண்டு வயதிருக்கும், எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டு, பார்க்கக் கூச்சப்பட்டு, உம்மாவின் முதுகுக்குப் பின்னால் வந்தது. எங்கள் லோயரின் கிளாக்கர் பைலோடு நின்றார்.

அந்த அம்மா ஒவ்வோர் அலுமாரியாய்த் திறந்தார். குளியலறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தார். நானும் நெருப்பில் நிற்பவன் போலப் பின்னாலேயே போனேன். குசினிக்குள் போய்த் தட்டைத் திறந்தார்.

“இது என்ன?”

நான் பேசத் தொடங்கினேன். என்ன பேசினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இலத்தீனில் இருந்து தொடங்கினேன். அந்த வேர்ச்சொல்லுக்கு ‘வெறுமை’ மட்டுமல்ல, ‘ஒருவருக்காக இடம் விட்டிருத்தல்’ என்ற நிழலும் உண்டு என்று, அகராதியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். மூன்றாம் மாடியிலிருந்து வந்து சேர்ந்த முதலாளி, “சேர் என்ன செல்றார்?” என்று கிளாக்கரைக் கேட்டார். கிளாக்கர் கையை விரித்தார். நான் திருத்தத் தாளை எடுத்து நீட்டினேன்.

அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்து உரக்க வாசித்தார். “...பிழை விடப்பட்டுள்ளது. ‘எதுவும் எஞ்சாமல்’ என்பதை, ‘ஒரு கிண்ணம் உப்பு, ஒரு சுண்டு அரிசி, ஒரு மஞ்சள் துண்டு நீங்கலாக எதுவும் எஞ்சாமல்’ என வாசிக்கவும்.” வாசித்துவிட்டு என்னைப் பார்க்காமல் கதிரையில் இருந்த என் மனைவியைப் பார்த்தார்.

“அக்கா, இது என்னத்துக்கு வச்சீக்கிறீங்க?”

“பிள்ளை வெறும் வீட்டுக்க வரக்கூடாது,” என்றாள் மனைவி.

அந்த அம்மா மகளைக் கூப்பிட்டு, தட்டைக் காட்டி, “இதெ இங்கெருந்து யாரும் எடுக்கப்படாது. முடியிறதுக்கு முந்தி நீ மேல போட்டுக்கோ,” என்றார். கிண்ணத்தைத் தட்டின் உள்பக்கமாகத் தள்ளி வைத்து, கதவை மூடினார். கிளாக்கர் என் தாளை வாங்கிப் பைலில் கோத்தார். திறப்பு கைமாறியது. அவ்வளவுதான். ஒரு கிழமையாய் நான் பட்ட பாட்டுக்கு, காரியம் முடிய மூன்று நிமிடம்கூடப் போகவில்லை.

போகிற நேரத்தில் அந்த அம்மா மனைவியின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். பிடித்த கையை விடாமல், அன்பாய், எல்லோரும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

“உங்களுக்கு எத்துன புள்ளயள் அக்கா?”

என் வேலை அது. வாயைத் திறந்தும்விட்டேன். அந்த ‘இல்லை’ நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் மற்றக் கையால் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நாங்கள் ரெண்டு பேர் இருக்கிறம்,” என்றாள்.

அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். நாங்கள் இறங்கத் தொடங்கினோம். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவள் நின்று மூச்செடுத்தாள், நானும் நின்றேன். இரண்டாம் மாடியில் அவளுடைய கைப்பையை நான் வாங்கிக்கொண்டேன். கனத்தது. திறந்து பார்த்தேன். கொட்டாஞ்சேனைக்கென்று ஒரு பைக்கற் உப்பு இருந்தது.

“கவனமாப் பிடியுங்கோ,” என்றாள். “இந்த முறை அதுதான் முதல்ல உள்ள போகவேணும்.”